இரும்புத் தாடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சண்டையில் ஜெயித்ததற்கு எங்கள் இருவரின் வாழ்த்துகள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப் போவதற்கு நடுவில் வாழ்த்து காணாமல் போய்விடக் கூடாது.

கண் வீக்கம் வடிந்ததா? புருவத்துத் தையலைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்காதே. சின்ன வயதில் முழங்கால் புண்ணையே ஆறவிடாதவன் நீ. எதையும் கடித்து மெல்லாமல் கஞ்சி மாதிரி கரைத்துக் குடி. நன்றாக இருக்கிறேன் என்று போனில் சொன்னாய். ஜெயித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் போனை நம்பாமல் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. சமையலறைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. இப்போது குளியலறையில் ஒழுகுகிறது. நான் வேலை பார்க்கும் பல் செட் செய்கிற இடத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறது. மாவு குழைத்து அச்சு எடுக்கும் வேலை பாதி குறைந்துவிட்டது. நீ ஜெயித்த மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரும்புத் தாடைதானா என்று முதலாளியம்மா கேட்டார். ஆண்களுக்குத் தாடை இரும்பு, எனக்கு வாய்தான் இரும்பு என்று சொல்லிச் சமாளித்தேன். சிரித்துவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். எதிரே பிளாஸ்டரில் செய்த ஒரு கீழ்த்தாடை அச்சு காய்ந்துகொண்டிருந்தது. அதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

உன் அத்தானைப் பற்றி இனி மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை. உன் சண்டை முடிகிற வரைக்கும் உன்னிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று அவரே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது முடிந்துவிட்டது. சட்டைப் பொத்தானை அவரால் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிடுகிறேன். பேச்சு குழறுகிறது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதரைப் பார்த்து, 'பகலிலேயே குடித்துவிட்டு வருகிறார்' என்று தெருமுனைக் கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். அது இவர் காதில் விழுந்திருக்கிறது. அன்று முதல் அந்தக் கடைக்குப் போவதில்லை. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது ரிங்கில் வாங்கிய அடிகளின் கணக்கு, இனி கூடாமல் பார்த்துக்கொள்ளலாமே தவிரக் குறைக்க முடியாது என்று சொன்னார். உன் அத்தான் அவரிடம் நன்றி சொல்லிக் கைகொடுத்துவிட்டு, வெளியே வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார்.

இந்த நிலையில்தான் அந்தப் பாராட்டு விழா வந்தது. உன்னிடம் 'நல்லா நடந்தது' என்று மட்டும் போனில் சொன்னேன் அல்லவா, அதை முழுதாகச் சொல்கிறேன்.

குத்துச்சண்டை பற்றி எழுதும் அந்தப் பத்திரிகைக்காரர் உனக்கும் பழக்கம்தான். அடி தாங்குவதில் யார் பெரியவர் என்று ஒரு வரிசை போட்டிருந்தார். மனிதர் மேம்போக்காக ஒன்றும் செய்யவில்லை. எத்தனை முறை கீழே விழுந்தார் என்பதை மட்டும் பார்த்தால் போதாதாம். யாரிடம் அடி வாங்கினார், அடித்தவர் கை எவ்வளவு கனம், வாங்கிய பிறகு கால் தள்ளாடியதா, எவ்வளவு சீக்கிரம் தெளிந்தார், எல்லாவற்றையும் பழைய படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். நழுவி நழுவி ஆடி ஒரு தடவையும் விழாதவரை அவர் சேர்க்கவில்லை. அடியே வாங்காதவரைத் தாங்குகிறவர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். கனமான கைக்காரர்கள் அத்தனை பேரிடமும் வாங்கி, ஒருமுறைகூட முழங்கால் தரையில் படாதவர் என்று உன் அத்தானுக்கு முதல் இடம். அதற்காகத்தான் பாராட்டு விழா. இப்போது ஆடுகிறவர்களில் நீயும் அந்த வரிசையில் இருக்கிறாய். அது உனக்குத் தெரியும். இத்தனையும் பார்த்தவர், இந்த ஆட்கள் எல்லாம் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

விழா மத்தியானம், விளையாட்டுக் கழகத்து மண்டபத்தில். உன் அத்தானுக்கு நீல நிறக் கோட்டுப் போட்டு அழைத்துப் போனேன். மேடையில் அவர் பக்கத்தில் இன்னொருவரையும் உட்கார வைத்திருந்தார்கள். 'கண்ணாடி' என்று எல்லோரும் கேலி செய்வார்களே, அவர்தான். தாடையில் காற்று பட்டாலே விழுந்துவிடுவார் என்று அந்தக் காலத்தில் பேச்சு. உன் அத்தானிடம் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்து, அதோடு விளையாட்டையே விட்டுவிட்டுப் போனவர். ஜனங்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே கூப்பிட்டிருந்தார்கள். அவரும் தெரிந்தேதான் வந்திருந்தார். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாராம். "இப்பவும் அடிபடுறதுதான் என் தொழில். ஆனா இப்ப அடி வண்டிக்கு" என்று மைக்கில் சொல்லி, எல்லோரையும் முந்திக்கொண்டு அவரே சிரித்தார். தலைமுடி நரைத்திருந்ததே தவிர, ஆள் கல்லூரிப் பையன் மாதிரி படியேறி வந்தார்.

நிகழ்ச்சி நடத்தியவன் சின்ன வயதுக்காரன். கலகலப்புக்காக ஒன்று செய்தான். உன் அத்தான் முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தவன், திடீரென்று முஷ்டியை மடக்கி அவர் தாடையை நோக்கி வீசி, ஒரு விரற்கடைக்கு முன்னால் நிறுத்தினான். இவர் அசையவில்லை. கண்கூட இமைக்கவில்லை. "பாருங்க, இன்னிக்கும் அதே இரும்பு!" என்று அவன் கூவ, மண்டபமே எழுந்து நின்று தட்டியது. தைரியத்தில் அசையாமல் இருந்தவர் இல்லை, தம்பி. அந்தக் கை வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அவன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடத் தொடங்கிய பிறகுதான் இவர் வலது கை தடுப்பதற்காக மெல்ல மேலே வந்தது. எல்லாம் முடிந்த பிறகு வந்து, பாதி உயரத்தில் அப்படியே நின்றது. இறக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. யாரும் கவனிப்பதற்குள் கண்ணாடி எழுந்து போய், பாராட்டுகிறவர் மாதிரி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே கீழே இறக்கி, தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். போட்டோக்காரர்கள் அதைத்தான் எடுத்தார்கள். பத்திரிகையில் நீ பார்த்த படம் அதுதான்.

பிறகு டீ குடிக்கும்போது கண்ணாடி என்னிடம் வந்தார். மேடையில் பேசிய குரல் இல்லை. "அண்ணி, அன்னிக்கு அண்ணன் அடிச்சதுல நான் விழுந்தேன் பாருங்க, எந்திரிச்சிடலாம்னு கால் சொல்லுச்சு. தலை வேணாம்னுச்சு. தலை பேச்சைக் கேட்டுட்டேன். சிரிக்காத ஆள் இல்ல. என் அப்பாகூட சிரிச்சாரு. அண்ணனுக்கு அந்தத் தலை ஒரு நாளும் வாயைத் திறக்கலையே அண்ணி" என்றார். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பியனோடு அவர் ஆடிய அந்தப் பன்னிரண்டு ரவுண்டுச் சண்டையைத்தான் மேடையில் எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். தோற்றும் பேர் வாங்கிய சண்டை. சின்னப் பையனாக நீ அவர் முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்து, ரவுண்டு ரவுண்டாகச் சொல்லச் சொல்லிக் கேட்ட கதை. அதைப் பற்றித்தான் பேசினார். குழறல் கொஞ்சம்கூட இல்லை. "நாலாவது ரவுண்டுக்கு அப்புறம் நான் அங்க இல்லம்மா. உடம்பு மட்டும் நின்னுச்சு. மறுநாள் நீ பேப்பர் படிச்சப்பதான் நான் விழலைன்னு எனக்கே தெரியும். அப்புறம் படம் பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்" என்றார். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இனி உன் சண்டை. நீ இருக்கிற நாட்டில் ராத்திரி என்றால் எங்களுக்குக் காலைப் பலகாரம் ஆகிற நேரம். மாடி வீட்டுக்காரர், அவர் மனைவி, எதிர்வீட்டு மின்சாரக்காரர் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் டிவி பார்த்தார்கள். நாற்காலி போதவில்லை. முதல் மூன்று ரவுண்டு உன் அத்தானை உட்கார வைக்க முடியவில்லை. "கையைத் தூக்குடா! இடதைத் தூக்குடா!" என்று ஒரே சத்தம். அவரிடம் அப்படி ஒரு குரல் இன்னும் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆறாவதில் எதிராளி உன்னைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டு போய் வைத்துக் குத்தினான். நீ விழவில்லை. அந்தப் பத்திரிகைக்காரர்தான் டிவியில் பேசினார். இரும்புத் தாடைக்கு ஒரு வாரிசு வந்துவிட்டார், அத்தானையே மிஞ்சிவிடுவார் போலிருக்கிறது என்றார். எதிர்வீட்டுக்காரர் எழுந்து உன் அத்தான் தோளைத் தட்டினார். ஏழாவதில் இன்னும் மோசம். உன் தலை பின்னால் போய்ப் போய் வந்தது. என் கண் என்னையறியாமல் மூடிக்கொண்டது. அப்போதுதான் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது. சத்தமே இல்லாமல், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி, "விழுந்துடுடா... கீழ விழுந்துடுடா தம்பி... விழுடா செல்லம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாடி வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கோ, இத்தனை நாளில் அவர் இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை என்று பட்டது. ஒன்பதாவதில் நீ அவனை விழ வைத்ததும் எல்லோரும் துள்ளினார்கள். உன் அத்தான் கையைத் தட்டவில்லை. விழுந்து கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் போன பிறகு போனை எடுத்துக் கொடு என்றார். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். "போதும்னு சொல்லணும். நான் சொன்னா கேப்பான். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டான்" என்றார். நானே எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். மணி அடிக்க அடிக்க, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எடுத்தாய். உன் பக்கம் ஒரே ஆரவாரம். இவர் முகத்தில் இருந்தது எல்லாம் துடைத்த மாதிரி போய்விட்டது. எதற்காகக் கூப்பிட்டோம் என்று தேடுவது கண்ணில் தெரிந்தது. கடைசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். நீ சிரித்துவிட்டு, "சரி அத்தான், சரி, அப்புறம் பேசறேன்" என்றாய். அவ்வளவுதான் பேச்சு.

அத்தான் ஏன் அப்படிக் கேட்டுவிட்டு உடனே வைத்துவிட்டார், கோபமா என்று நீ நேற்று என்னிடம் கேட்டாயே, இதுதான் காரணம். கோபம் இல்லை.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முகம் நிறைந்திருந்தது. "சொல்லிட்டேன். நிறுத்திடுறேன்னு சரி சொல்லிட்டான்" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு நன்றாக இறங்குகிறது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், என் மச்சினன் இனி ரிங்கில் ஏறப் போவதில்லை, எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான் என்று சொல்கிறார். எத்தனையோ மறந்துபோகிறது, இது மட்டும் மறக்கவில்லை. மறுசண்டைக்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று பேப்பரில் வந்ததை மட்டும் நான் அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன்.

நீ நீண்ட நாள் வாழ வேண்டும், அத்தனை நாளும் உன் நினைவு உன்னோடு இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. நீ எதற்குச் சரி சொன்னாய் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆனாலும் தம்பி, அத்தானிடம் சரி என்று சொல்லிவிட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்று.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா