பூட்டிய அறையின் மணி

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புதுச்சேரியில் நான் நலம். உங்கள் மூட்டு வலி குறைந்ததா?

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் மருத்துவமனையில் பூட்டிக் கிடக்கும் ஆறாம் அறையின் அழைப்பு மணி காலை முழுவதும் அடித்தது. "உள்ள யாருமே இல்லக்கா. எலுமிச்சம்பழம் கட்டியும் நிக்கல," என்றாள் நர்ஸ் தனம். கடைசியில் மணிச் சத்தத்தையே குறைத்துவிட்டார்கள்.

எல்லா வார்டுகளின் மணியும் கணினியும் ஒரே நெட்வொர்க் பெட்டியில்தான் வந்து சேரும். ஒரு வார்டின் செய்தி இன்னொன்றுக்குப் போகாதபடி எண் கொடுத்துப் பிரித்துவைப்பது என் வேலை. வீலான் என்போம். அந்த மணியின் கம்பியைத் தொடர்ந்து போனேன். யாரோ அதைப் பின்கட்டடத்துப் புதிய அறைக்கு இழுத்துவிட்டு, பழைய வார்டின் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதனால் அங்கே அழுத்தினால் இங்கே ஆறாம் அறை மணிதான் அடிக்கும்.

அன்று காலைதான் அந்த அறைக்கு மாற்றப்பட்ட பிள்ளைச்சாவடிப் பெரியவர் சுப்ரமணி, இடுப்பு முறிந்து, கையில் பொத்தானோடு படுத்திருந்தார்.

"எவ்ளோ அமுக்கியும் ஒருத்தரும் வரல பாப்பா. செத்துட்டனோன்னு நெனச்சிட்டேன்," என்று சிரித்தார்.

எண்ணை மாற்றினேன். அவர் அழுத்தியதும் அந்த வார்டு நர்ஸ் ஓடி வந்தாள். அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள். மணி நின்ற பிறகும் எனக்கு மட்டும் அது கேட்கிறது.

தங்கச்சி அரீபா இங்கே வரும்போது என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். மாலையில் போன் செய்யுங்கள் அத்தா. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும். நான் தங்கியிருக்கும் அறையில் சில சமயம் நானே அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
மரீஹா