மயிலுக்கு எந்தக் கம்ப்யூட்டர்

2008 ஆகஸ்ட் 11, திங்கள்

அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, நானும் வீட்டுக்காரரும் மகள் மயிலை மதுரைக்குக் கூட்டிப் போனோம். இனி கண்ணாடியை மாற்றிப் பயனில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். விழித்திரையில் நோய். இருக்கிற பார்வையும் மெல்லக் குறையுமாம். எவ்வளவு சீக்கிரம் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. அவர்தான் ஆபரேஷன் உண்டா, ஆபரேஷன் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்று சொன்னார்கள். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற கம்ப்யூட்டர் இருக்கிறதாம். அதை வைத்துக் காலேஜ் முடித்தவர்கள் இருக்கிறார்களாம். பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள் என்றார்கள்.

நிறுத்தியாகிவிட்டதே. பத்தாவதில் அத்தனை மார்க் வாங்கியும் ப்ளஸ் ஒன் சேர்க்கவில்லை. போர்டு தெரியாத பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

பரமக்குடியில் பஸ் மாறும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வயதுப் பிள்ளை.

ஆகஸ்ட் 13

கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே விழாமல் வீட்டோடு இருந்தால் போதும் என்கிறார். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொல்கிறார்.

ஆகஸ்ட் 27, புதன்

ராமநாதபுரத்தில் பேங்குக்குப் போயிருந்தேன். உள் மேசையில் ஒரு பையன், கறுப்புக் கண்ணாடி, காதில் ஹெட்போன். திரையைப் பார்க்காமலே டைப் அடித்துக்கொண்டிருந்தார். நான் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

“யாருங்க, ரொம்ப நேரமா நிக்கிறீங்க?” என்றார்.

மயிலைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பெயர் கபீர். பிறவியிலேயே பார்வை இல்லையாம். நான் அழுதது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, “பிள்ளையக் கூட்டிட்டு வாங்கக்கா. நான் சொல்றதவிட அது காதால கேட்டாத்தான் புரியும்” என்றார்.

செப்டம்பர் 3

மூவருமாகப் போனோம். ஆபீசில் கபீருக்கு விண்டோஸ். வாசிக்கிற மென்பொருள் தனியாக வாங்க வேண்டியது, கம்ப்யூட்டரைவிட விலை கூடவாம், பேங்கே வாங்கிக் கொடுத்திருக்கிறது. வீட்டில் லினக்ஸ் வைத்திருக்கிறார். பெட்டி அதேதான், உள்ளே இருந்து அதை ஓட்டுவது வேறு. அது இலவசம், வாசிக்கிற வசதியும் உள்ளேயே வந்துவிடுகிறது என்றார். எனக்குப் பாதி புரிந்தது. மயிலு ஹெட்போனை மாட்டியவள் கழற்றவே இல்லை.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். மதியம் கபீர் குச்சியைத் தட்டிக்கொண்டு தனியாக ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போனார். அதை இவர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“வாங்கிருவோம் வீரா.”

செப்டம்பர் 7, ஞாயிறு

எது வாங்குவது? பெங்களூரில் இருக்கிற தம்பி நாகநாதனிடம் போனில் கேட்டேன். லினக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு, வீட்டுக்கு ஆகாது என்கிறான். மேக் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் பேசுகிற வசதி கூடவே வருமாம். தன்னுடைய பழையதையே கொண்டுவருகிறேன் என்றான். மனசு குளிர்ந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்தது.

செப்டம்பர் 28

தீரவில்லை. வெள்ளை லேப்டாப், தட்டு மாதிரி அத்தனை அழகு. இங்கிலீஷைத் தெளிவாக வாசித்தது. மயிலு தமிழ் வாசிக்கச் சொல்லுங்க மாமா என்றாள். நாகநாதன் சாயங்காலம் வரை எதையெதையோ அமுக்கிப் பார்த்தான். தமிழ்ப் பக்கம் வந்தால் அது வாயை மூடிக்கொள்கிறது. இங்கிலீஷ் பழகட்டுமே அக்கா என்றான். தமிழில் படித்த பிள்ளை, வேதியியலையும் வரலாற்றையும் இனிமேல் எந்த பாஷையில் கேட்பாள்? வருத்தத்தோடுதான் திருப்பி எடுத்துப் போனான். எனக்கும் சங்கடமாக இருந்தது.

அக்டோபர் 5

ராமநாதபுரத்தில் ஹமீது பாய் கடையில் விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பள்ளிக்கூடம், வேலை எல்லாம் இதில்தான், ரிப்பேர் என்றால் நானே வருவேன் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. விலை கூடின அந்த வாசிக்கிற மென்பொருளையும் சும்மாவே போட்டுத் தந்தார். அது எப்படி பாய் என்று கேட்டேன். காப்பிதான், ஊரே இப்படித்தான் ஓடுகிறது என்று சிரித்தார். மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். யாரையும் தொடவிடவில்லை.

அக்டோபர் 20

கபீர் கொடுத்த தமிழ்க் குரலையும் சேர்த்தாகிவிட்டது. கரகரவென்று, நேற்றுத் தமிழ் கற்ற ஆள் மாதிரி வாசிக்கிறது. மயிலுக்குப் புரிகிறது. எனக்குத்தான் புரியவில்லை! கரண்ட் போகிற நேரம் தவிர அதன் முன்னால்தான் இருக்கிறாள்.

நவம்பர் 2

கம்ப்யூட்டரின் பேச்சு நின்றுவிட்டது. கட்டுரை அடித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஏதோ இங்கிலீஷ் பெட்டி, லைசன்ஸ் என்று. அவளுக்கு அது தெரியாதே. சத்தமில்லாத பெட்டி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அடித்தது எல்லாம் போயிற்று.

ஹமீது பாய்க்குப் போன் செய்தேன்.

நவம்பர் 8

பாய் சொன்ன வாக்குத் தவறாமல் வந்து சரி செய்தார். போய் நாலு நாள் ஆகவில்லை, மறுபடி நின்றுவிட்டது. திருட்டுக் காப்பி எத்தனை நாள் உழைக்கும்? சும்மா கிடைக்கிறதென்று வாங்கினேனே, என்னைச் சொல்லணும்.

மயிலு கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டேன் என்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அது பேசாமப் போச்சுன்னா நான் எங்கன இருக்கேன்னே தெரியலம்மா. ஆள் வந்து பாக்குற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். மதுரைக்குப் போயிட்டு வந்ததுலருந்து நான் அப்படித்தான இருக்கேன்?”



நவம்பர் 15, சனி

நாள் முழுக்கப் போன்தான். அதே பெட்டியில் லினக்ஸ் போடலாம் என்கிறார் கபீர். விண்டோஸுக்கும் இலவசமாக ஒரு வாசிப்பான் வளர்ந்து வருகிறது, கொஞ்சம் பொறுத்தால் அதுவும் நன்றாக வரும் என்றும் அவரே சொன்னார். கெட்டுப்போனால் அந்தக் கிராமத்தில் யார் பார்ப்பது என்று நாகநாதன் கத்துகிறான். ஹமீது பாய், எனக்கு அது தெரியாதும்மா, அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மூன்று பேர் சொல்வதும் சரியாகவே இருக்கிறது. நான் என்ன முடிவெடுக்க?

வீட்டுக்காரர்தான் கடைசியில், “வாசிக்கப் போறது அவ. அவளக் கேளு” என்றார். இத்தனை நாளும் எனக்கு இது தோன்றவில்லை பார்.

நவம்பர் 16

மயிலே கபீரிடம் பேசினாள். எது நல்லது, எது பெரியது என்றெல்லாம் கேட்கவில்லை.

“அண்ணே, பாதியில கெட்டுப் போச்சுன்னா, கண்ணு தெரிஞ்ச ஆளு இல்லாம நானே சரி பண்ண முடியுமா?”

லினக்ஸ் சிடியைப் போட்டதும் ஆரம்பத்திலிருந்தே பேச வைக்கலாம், அழித்துப் புதிதாக அவளே போட்டுக்கொள்ளலாம் என்றாராம்.

“அப்ப எனக்கு அதுதாம்மா” என்றாள். வீட்டில் அதற்குமேல் பேச்சில்லை. எத்தனை வாரப் பாரம்! இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

கபீர் தனியாகவே பஸ்ஸில் நயினார்கோவில் ஸ்டாப்பில் வந்து இறங்கினார். வீட்டுக்காரர் வண்டியில் போய்க் கூட்டிவந்தார். நாற்காலியைப் போட்டால், கபீர் கீபோர்டைத் தொடவே இல்லை. தள்ளி உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார், எல்லாவற்றையும் மயிலுதான் செய்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டி பேசிவிட்டது. அதே கரகரப்புக் குரல்தான். இந்தத் தடவை எனக்கு இனிமையாகக் கேட்டது.

டிசம்பர் 4

இன்டர்நெட் மட்டும் வரமாட்டேன் என்கிறது. நாகநாதன் சொன்னேனே என்றான்.

டிசம்பர் 12

நாகநாதன் போனில் ஒவ்வொன்றாகக் கேட்க, மயிலு பதில் சொல்ல, இன்டர்நெட் வந்துவிட்டது. இரண்டு பேரும் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கிறார்கள். பிடிக்காத லினக்ஸை அவனும் ராத்திரி உட்கார்ந்து படித்திருக்கிறான். சொல்லவில்லை, மயிலு கண்டுபிடித்துவிட்டாள்.

2009 ஜனவரி 22

வயலில் மிளகாய்ப் பழம் எடுப்பு. முதுகு ஒடிகிறது. வீடு திரும்பினால் மயிலு, எல்லாத்தையும் அழிச்சுட்டேம்மா என்றாள். ஏதோ கோளாறாம், அதனால் அழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். அடுப்பில் உலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பெட்டி பேசியது. அவள் சோம்பல் முறித்தாள், அவ்வளவுதான்.

ஜூன் 8, திங்கள்

ப்ளஸ் ஒன் சேர்த்துவிட்டோம். ஒரு வருஷம் போனால் போகட்டும். பள்ளிக்கூடத்தில் இருப்பது விண்டோஸ், என்ன செய்வாய் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். அன்று கபீர் சொன்ன இலவச வாசிப்பானை மயிலு பென் டிரைவில் கொண்டுபோயிருந்தாள். அங்கேயே போட்டு நோட்டீஸ் ஒன்றை வாசிக்கவைத்தாள். ஹெட்மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார். வீட்டுக்காரர் வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெயில் என்று சொல்லி.

வீட்டில் இன்னமும் லினக்ஸ்தான். அதை மாற்றச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள்.

ஜூலை 18, சனி

மயிலோடு படிக்கிற உலகம்மாள் வந்திருந்தாள். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரே சிரிப்பு. காபி கொண்டுபோனேன். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. என்னடி வாசிக்கிறீங்க என்று கேட்டேன்.

“ஒன்னுமில்ல. நீ போம்மா” என்றாள் மயிலு.

டம்ளர்களை வைத்துவிட்டு வந்தேன். நான் அடுப்படிக்கு வந்து சேர்வதற்குள் மறுபடி சிரிப்பு.