அம்மாவின் இரண்டாவது வண்டி

அன்பு மகளே,

அப்பாவின் பெரிய வண்டியை நான் விற்கப்போவதாக உன் சித்தி சொல்கிறாளாம். தவறு. அதற்குத் துணையாக எடை குறைந்த இன்னொரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறேன்.

"பேரனுக்காம்மா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

"எனக்குத்தான். ரெண்டு காலும் தரையில பதியிற வண்டியா காட்டுங்க. சிரிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம்."

விழுந்தால் நானே தூக்கி நிறுத்தக்கூடியதைத் தேர்ந்தெடுத்தேன்.

பெரியதை என்னால் ஸ்டாண்டிலிருந்துகூட இறக்க முடியாது. அதை நீதான் ஓட்ட வேண்டும். அப்பாவை அடக்கம் செய்த வாரம் நீ ஓட்டியபோது உன் உயரத்துக்குத் திருப்பிவைத்த பக்கக் கண்ணாடியை நான் தொடவில்லை. அதன்பிறகு ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டேன்.

உன் பின்னால் உட்கார்ந்து வரமாட்டேன். அந்த இடம் அப்பாவோடு முடிந்தது. பக்கத்தில் வருவேன்.

எந்த மாதம் வருகிறாய்? போனில் சொல்லாதே, எழுதி அனுப்பு.

அம்மா