பொறுப்பாளர் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன். நான் நலமா என்பது என்னைவிட உன் போனுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதை எழுதவில்லை.

மின் அடையாள அட்டை இல்லாமல் இனி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட முடியாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் போய் வாங்கினேன். படம் எடுத்த பெண், சிரிக்காதீங்க பாட்டி என்றாள். உள்ளே வந்ததிலிருந்து நான் சிரிக்கவே இல்லையம்மா என்றேன். எழுபது தாண்டிய விதவைக்கு ஒரு பொறுப்பாளர் கட்டாயமாம். கணவன் இருந்தால் வேண்டாமாம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடிய மனிதர் உன் அப்பா. அவர் இருந்தவரை நான் முழு மனுஷி, போனதும் மைனராகிவிட்டேன். அவசரத்துக்கு ஒரு பெயர்தானே என்று உன்னைச் சொன்னேன். அட்டையை நான் எங்கே தேய்த்தாலும் உனக்குத் தகவல் போகும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் நான் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போனது, வீடு திரும்புவதற்குள் உனக்குத் தெரிந்துவிட்டது. நீயோ என்னைக் கூப்பிடாமல் கீழ்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டாய். அவள் சூப்போடு வந்து என் கையைத் தடவித் தடவி அழுதாள். பரிசோதனை முடிவே வரவில்லை, அதற்குள் துக்கம் விசாரித்துவிட்டாள். மறுநாள் மாடிப்படியில் எல்லோரும் எனக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சிறுவயதில் நான் படித்த கன்னியர் மடத்து விடுதியில் எங்கள் கடிதங்களை மதர் பிரித்துப் படிப்பார். ஆனால் கிழித்த உறையோடுதான் கையில் தருவார். படித்ததை மறைக்கமாட்டார். அந்த நாணயம்கூட இந்த அட்டைக்குக் கிடையாது.

ஒளிக்க என்னம்மா இருக்கு என்று பிறகு கேட்டாய். பதினைந்து வயதில் உன் அறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்று அடம்பிடித்தாயே, என்ன ஒளிக்கிறாய் என்று நான் கேட்டேனா? தச்சரைக் கூப்பிட்டுப் போட்டுத் தந்தேன்.

அட்டை கொடுத்த அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டேன். உன்னை நீக்க உன் சம்மதமே வேண்டுமாம். உன் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். உனக்குப் பதில் என் வக்கீலைப் போட ஒப்புக்கொண்டார்கள். அவருக்கு என்மேல் பாசம் கிடையாது, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும்.

பரிசோதனை முடிவும் முதலில் பொறுப்பாளருக்குத்தான் போகுமாம். என் உடம்பின் சேதியை நான் பிறர் சொல்லிக் கேட்பதாக இல்லை. அதனால் முடிவை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் தாமதிக்கலாமா என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்தப் பொத்தானை அழுத்து. பிறகு முடிவை அனுப்பச் சொல்கிறேன்; வக்கீலுக்குப் போனாலும் அவர் முந்திக்கொண்டு யாரிடமும் சொல்லமாட்டார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து நானே உன்னைக் கூப்பிடுகிறேன். நல்லதோ கெட்டதோ, உன்னிடம்தான் முதலில் சொல்வேன். நடுவில் பேசாமல் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணா. நீ நூறாண்டு இருக்க வேண்டும். சீக்கிரம் அழுத்து.

உன் அம்மா