எல்லைக்கல்லைப் பிடுங்கியவனின் பேச்சு

பெப். 10, திங்கள்
முழங்காலளவு பனி. வாசலை வழித்துவிட்டு வேலைக்கு. இடுப்புப் பிடிப்பு. வாங்க வேண்டியவை: பால், வாசலுக்குத் தூவ உப்பு.

மகள் ஆரணிக்கு வெள்ளிக்கிழமை சரித்திர வகுப்பில் விவாதம். 1763. அமெரிக்கக் குடியேறிகள் மலைகளுக்கு மேற்கே போகக் கூடாது, அது ஆதிக்குடிகளின் நிலம் என்று இங்கிலாந்து ராசா கோடு கீறினாராம். இவள் குடியேறிகளின் பக்கம். ராசாவைத் திட்ட வேண்டும்.

"மற்றப் பக்கம் கேளு புள்ள."

"ஏலாதுப்பா. ரீச்சர் பேர் குலுக்கி எடுத்தவ."

குடியேறியாம். என் வீட்டில்! சோறு இறங்கவில்லை.

பெப். 12, புதன்
கடும் குளிர். உப்பு மறந்துவிட்டது. மனைவியிடம் ஏச்சு.

ஆரணி பேசிப் பார்த்தாள். வாயே திறபடவில்லை. வகுப்பில் இதுவரை எழுந்து பேசாத பிள்ளை. "கோவம் வருதில்லப்பா. அவங்க செய்தது பிழதானே?" அழுகை வேறு.

பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மட்டக்களப்பில் எங்கள் வயலின் எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டுக் குடியேறியவன் என் அப்பாவைப் பார்த்துக் கத்தியதைச் சொன்னேன். ஒரு சொல் விடாமல். கையை எப்படி வீசினான் என்பதையும். எழுதிக்கொண்டாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். அவளுக்கும் இதுவரை சொன்னதில்லை.

பெப். 14, வெள்ளி
அரை நாள் லீவு. பெற்றோருக்குக் கடைசி வரிசை.

எழுந்தாள். ஆங்கிலத்தில்: "காட்டை வெட்டியது நான். பாம்பு கடித்தது என் பிள்ளையை. இது என் நிலம். ராசா தன் வாசலில் கோடு கீறட்டும்!"

ராசா என்ற சொல் மட்டும்தான் அவளுடையது. மீதி எல்லைக்கல்லைப் பிடுங்கியவனுடையது. அதே கைவீச்சு. ஆனாலும் என்ன குரல்! என் பிள்ளை! முதலில் எழுந்து கைதட்டியவன் நான்தான். ஆரணியின் பக்கம் வென்றது.

காரில் மனைவி: "தட்டின தட்டுல வயலயும் எழுதிக் குடுத்துட்டீங்க." சிரித்தேன். கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது.

பின்சீட்டிலிருந்து ஆரணி, என் அப்பாவைக் குறித்து: "அப்பப்பா அவனுக்கு என்னப்பா திருப்பிச் சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லல்ல. என்ட கையப் பிடிச்சுக் கூட்டி வந்துட்டார்."

"நான் எண்டா சொல்லியிருப்பன்."

சொல்லியிருப்பாள். இன்றைக்கு எனக்குத் தெரியும்.