லோண்டரிச் சுவரில் இரண்டு துளைகள்

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் உன் மகள் லண்டன் செவன் கிங்ஸில் என் வீட்டுக்கு வந்து, நீ சில்க் ஸ்கிரீனில் அச்சடித்த படங்களை என் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். மை மணம் இன்னும் போகவில்லை. நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது, உன் படங்களைக் கண்டால் எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்.

ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு மண்டபம் எடுத்து அவற்றைக் கண்காட்சி வைக்கப்போகிறாளாம். சலூன் கதிரையில் தலை மழிக்கும் சிப்பாய், மஞ்சள் பள்ளிக்கூட பஸ், கார் பொனற்றில் ஸ்பீக்கரை வைத்து ராப் பாட்டுக்கு ஆடும் இரண்டு பேர், லோண்டரி மெஷினில் சாய்ந்து பேப்பர் வாசிக்கும் பெண். எல்லாம் அமெரிக்கா. "நியூயோர்க்கில ஒரு லோண்டரியில கொஞ்சக் காலம் வேலை செய்தனான்" என்று நீ சொன்னதை உன் மனைவிகூட நம்பினாள்.

நீ அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஜெர்மனியில் நாம் இருந்த ஊரில் அமெரிக்க இராணுவ முகாம் ஒன்று இருந்தது. வேலிக்கு உள்ளே அவர்களுக்கென்று பள்ளிக்கூடம், சலூன், கடை எல்லாம் இருந்தன. நாம் இருவரும் அங்கே லோண்டரியில் சீருடை தோய்த்தோம். உடுப்பு எடுக்க வரும் ஒரு கறுப்பினச் சிப்பாய் கசெட்டில் ராப் போட்டுவிட்டுப் போவான். நீ துண்டு ரசீதுகளின் பின்பக்கத்தில் அவனை வரைந்துகொண்டே இருப்பாய். "இவங்களும் மனசுக்குள்ள கிடக்கிறதைத்தான் சொல்லுறாங்கள் மச்சான், ஆராவது மறிக்க முந்திச் சொல்லி முடிக்கிறாங்கள்" என்றாய்.

ஜெர்மனியில் நம் அகதிக் கேஸை நிராகரித்தார்கள். லண்டனுக்கு ஓடி வந்து, நேரே கொழும்பிலிருந்து வந்ததாகச் சொல்லிப் புதிதாகக் கேஸ் போட்டோம். முதல் கேஸ் தெரிந்தால் திருப்பி அங்கேயே அனுப்பிவிடுவார்கள் என்று அன்றிலிருந்து ஜெர்மனி என்ற சொல்லையே நாம் வாயில் எடுக்கவில்லை. உன் இங்கிலீஷோ முழுக்க முழுக்க ராப் இங்கிலீஷ். விசாரணைக்குப் போகும்போது ரயிலில் உனக்குச் சொன்னேன்: "நீ வாயைத் திறக்காத. மொழிபெயர்ப்பாளர் கதைக்கட்டும். நீ 'யோ' எண்டால் ரெண்டு பேரும் பிளேன் ஏற வேண்டியதுதான்." நீ சிரிக்கவில்லை.

விசா கிடைத்து, பாஸ்போர்ட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகும், இந்த இங்கிலீஷும் படங்களும் எங்கிருந்து வந்தன என்று கேட்டவர்களுக்கு ஜெர்மனியைச் சொல்லாமல் நீ அமெரிக்கா என்றுதான் சொன்னாய். அதுவும் பொய்தானே என்று கேட்டேன். "அமெரிக்கா எங்களைத் திருப்பி எடுக்காது. ஜெர்மனி எடுக்கும்" என்றாய். உன் நியாயம் எனக்கும் சரியாகத்தான் பட்டது. பயந்தவனுக்குப் பயந்தவன்தான் வக்கீல்.

ஸ்ட்ரெதத்தில் உன் வீட்டில் அந்த லோண்டரிப் படத்தைப் பார்த்த நாளை என்னால் மறக்க ஏலாது. நாற்பது பிரதி அடித்துக் காயப் போட்டிருந்தாய். மெஷினுக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக் சொக்கெற், அதில் இரண்டு வட்டத் துளைகள். நீ கண்டதைக் கண்டபடி வரைகிறவன்.

"மச்சான், இது ஜெர்மன் சொக்கெற் எல்லே? அமெரிக்காவில வட்டமா இராது" என்றேன்.

உன் முகம் வெளிறிப் போனது. "ஆரும் கவனிச்சால் பாஸ்போர்ட்டைப் பறிப்பாங்கள்" என்றாய். விசா கொடுக்கிற ஹோம் ஒபிஸ்காரன் உன் படத்துக்கு முன்னால் நின்று துளை எண்ணப்போகிறானா என்று நான் பகிடி பண்ணினேன். பகிடி பண்ணிக்கொண்டே ஒரு தூரிகையை எடுத்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது படங்களிலும் அந்தத் துளைகளைச் சாம்பல் நிறத்தால் மூடினோம். இருபதை நீ, இருபதை நான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்து நீ சொன்னதும் அதுதான். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாத. அவளின்ரை பாஸ்போர்ட்டும் என்ரை கேஸால வந்தது." ஓம் என்றேன்.

நேற்று அவள் போனில் நியூயோர்க் வரைபடத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "மாமா, நான் லீவு எடுத்திட்டன். அப்பா வேலை செய்த லோண்டரி எந்த ஸ்ட்ரீட்டில? அதுக்கு முன்னால நிண்டு ஒரு போட்டோ எடுக்கவேணும்."

ஏதோ ஒரு தெருப் பெயரைச் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். இல்லாத கதவொன்றைத் தேடி அவள் அந்த ஊரில் தெருத் தெருவாக அலைவதை நினைத்தேன். மனம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மச்சான். முகாம், நிராகரித்த கேஸ், சாம்பல் நிறம், ஒன்றும் விடவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

கோபிப்பாள், அழுவாள் என்று பார்த்தேன். அவள் இங்கே பிறந்தவள், பஸ்ஸில் போனில் கதைத்தாலும் முழு பஸ்ஸுக்கும் கேட்கும். அப்படிப்பட்டவள் படங்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். பிறகு என் பக்கம் குனிந்து, என் சொந்த வீட்டில், எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள்: "மாமா, வேற ஆருக்கும் இது தெரியுமோ?"

உன் பயத்தை இத்தனை காலமும் உனக்காக நான் சுமந்தேன். நேற்று அதில் பாதியை உன் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டேன். என் பாரம் கொஞ்சமும் குறையவில்லை.