விற்பவர்: வளர்மதி, பெரம்பலூர்

வரதராஜன்பேட்டை
6.9.2025

அன்புள்ள வளர்மதிக்கு,

சேசுவுக்குப் புகழ். நீ பதிலுக்கு முருகனைக் கூப்பிட்டுக்கொள். யார் வந்து உதவினாலும் எனக்குச் சரி.

இது போனில் பேசுகிற விஷயம் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் டேவிட்ராஜ் மாமாவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். நான் தும்மினால் அவர் அந்தப் பக்கம் 'நூறு' என்பார். அதனால்தான் மாதிரிக்குத் துணியில் தைத்த கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செட்டோடு இந்தக் கடிதத்தையும் பையில் வைத்து மணிவேல் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஆன்லைனில் வெளி மாநிலத்துக்கு விற்க ஜி.எஸ்.டி. எண் வேண்டும் என்று நீ சொன்னாய் அல்லவா? அலைந்து அலைந்து கால் வீங்கியதுதான் மிச்சம். எண்ணுக்கு விலாசச் சான்று வேண்டும். சான்றுக்குக் கரண்ட் பில் வேண்டும். எங்கள் கரண்ட் பில் இன்னும் மாமனார் மிக்கேல் பேரில்தான் வருகிறது. அவர் கல்லறைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மூத்த மகனிடம் சம்மதக் கடிதம் வாங்கிவாருங்கள், பார்க்கலாம் என்றார் ஜெயங்கொண்டம் ஆடிட்டர்.

கேட்டேன். "இன்னைக்குக் கையெழுத்து கேப்ப, நாளைக்கு வூட்டக் கேப்ப. வரி ஆபீஸ்காரன் எங்கப்பன் வூட்டு வாசல்ல வந்து நிக்கணுமா?" என்றார் டேவிட்ராஜ் மாமா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இவரைப் பார்த்துச் சொன்னதுதான். என் வீட்டுக்காரர் ஆலத்தியூர் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, தட்டைப் பார்த்தபடியே, "அண்ணன் சொல்றதும் நியாயந்தானே" என்கிறார். சாம்பாரைத் தலையில் கவிழ்த்திருப்பேன். கஷ்டப்பட்டு வைத்த சாம்பாராயிற்றே என்று விட்டேன்.

யூனிபார்ம் தைக்கிற வேலையையும் விட்டாயிற்று. துணியும் பஞ்சும் வாங்கியாயிற்று. ரேஷன் கார்டில் அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் அம்மா. முப்பத்தாறு வயதில் முதல்முறையாக என் பேரில் ஒன்று வரப்போகிறது என்று ஆசைப்பட்டுவிட்டேன், வளர். பெரம்பலூர் வீடும் கரண்ட் பில்லும் உன் பேரில்தானே இருக்கிறது? உன் விலாசத்தில் என் பேருக்கு எண் எடுக்க முடியுமா? கிறிஸ்துமஸுக்கு மூன்றரை மாதம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் சுகன்யா மேரி

---

பெரம்பலூர்
10.9.2025

அன்புள்ள சுகுவுக்கு,

பையும் கடிதமும் வந்தன. உன் மூன்று ராஜாக்களும் என் மேசையில் வரிசையாக நிற்கிறார்கள். ஆதார் திருத்த வருகிறவர்கள் எல்லாம், "இது என்னக்கா, கொலுவுக்கா?" என்று கேட்கிறார்கள். நான் ஆமாம் என்றுதான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். விலாசம் என்னுடையது என்றால் பேரும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். அதுதான் விதி. அதனால் என் பேரிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஒன்பது வருஷமாக இ-சேவை மையம் நடத்துகிறவளுக்கு இது ஒரு வேலையா? நீ தைத்து அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பேரில் என்னடி இருக்கிறது? வருகிற காசை உன் கணக்குக்குத்தானே போடப்போகிறேன்.

இனிமேல் விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சுழியம் என்றால் சுழியம் என்றே எழுதிப் போட வேண்டும். மறந்தால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் ஏறும். உரலுக்குள் தலையை விட்டாயிற்று, உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய?

இன்னொன்று. 'பொம்மை' என்று பதிந்தால் விளையாட்டுப் பொருளா, ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்று விற்பனைத் தளத்துக்காரன் கேட்கிறான். அதனால் 'அலங்காரப் பொருள்' என்று போட்டிருக்கிறேன். அப்புறம் உன் பெட்டி. எடை ஒரு கிலோகூட இல்லை. ஆனால் கூரியர்காரன் நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்து நாலே முக்கால் கிலோ என்கிறான். அடைத்து வைத்த காற்றுக்கும் கூலி கேட்கிறான்! நீ சம்மனசு என்கிற அந்தத் தேவதூதனின் இறக்கைதான் உயரத்தைக் கூட்டுகிறது. மடக்கித் தைக்க முடியுமா என்று பார்.

அன்புடன்,
வளர்மதி

---

வரதராஜன்பேட்டை
2.11.2025

அன்புள்ள வளர்மதிக்கு,

கல்லறைத் திருநாள். மாமனாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். கரண்ட் பில்லையும் பக்கத்தில் வைத்துக் கொளுத்தலாமா என்றிருந்தது.

இன்றைய பையோடு மொத்தம் இருபது செட் அனுப்பியாயிற்று. மணிவேல், "என்னம்மா, வாரத்துக்கு வாரம் பை பெருத்துக்கிட்டே போவுது, பைக்கும் ஒரு டிக்கெட்டு போட்ருவேன்" என்று மிரட்டினார். இறக்கையை மடக்கிவிட்டேன். மழையில் நனைந்த கொக்கு மாதிரி இருக்கிறது சம்மனசு. உன் கூரியர்காரன் நன்றாக இருக்கட்டும்! சேசுவை வளர்த்த சூசையப்பரை அலங்காரப் பொருள் ஆக்கியதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. எங்கள் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர், நம்ம சுகன்யா செய்வதாயிற்றே என்று தூத்துக்குடியில் இருக்கும் தங்கைக்காக ஆன்லைனில் ஒரு செட் வாங்கினார். பூசை முடிந்ததும் பத்துப் பேர் நடுவில் போனை நீட்டி, "யாரும்மா இந்த வளர்மதி? நீ அவங்ககிட்ட கூலிக்குத் தைக்கிறியா?" என்று கேட்டார். பெட்டியிலும் அதுதான், பில்லிலும் அதுதான். விற்பவர்: வளர்மதி, பெரம்பலூர். என் பேர் ஒரு மூலையில்கூட இல்லை. நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

விதி என்றால் விதிதான். உன்மேல் குறையில்லை. ஆனாலும் வலிக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுகன்யா மேரி

---

பெரம்பலூர்
5.12.2025

சுகன்யா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஏண்டி, உனக்கு என்ன பைத்தியமா?

இருபது செட்டில் ஒன்பது திரும்பி வந்துவிட்டன. எல்லாருக்கும் ஒரே புகார்தான். தொட்டிலில் குழந்தை சேசு இல்லை. பெங்களூருக்காரி ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, 'குழந்தையைத் திருடி விற்கும் கடை' என்று ஊருக்கே தெரியும்படி எழுதியிருக்கிறாள். புனேக்காரர் வெற்றுத் தொட்டிலைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறார். மாதா இருக்கிறார், சூசையப்பர் இருக்கிறார், மாடுகூட இருக்கிறது. யாருக்காக எல்லாரும் மண்டியிட்டிருக்கிறார்கள்?

நேற்று விற்பனைக் கணக்கையே நிறுத்திவைத்துவிட்டார்கள். விளக்கம் கேட்கிறார்கள். நான் என்ன விளக்கம் கொடுப்பேன்? அவசரத்தில் மறந்திருப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்று காலையில் திரும்பி வந்த பெட்டி ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தேன். வைக்கோலுக்கு அடியில், அட்டைக்கும் கீழே, ஒரு துணி உறை. அதற்குள் குழந்தை! மேலே உன் கையெழுத்தில், 'டிசம்பர் 24 இரவுக்கு முன் திறக்க வேண்டாம்.'

தமிழில் எழுதியிருக்கிறாய், சுகு. புனேக்காரருக்கு! உறை இருக்கிறது என்று எனக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? படத்தில் குழந்தையோடு காட்டிவிட்டுப் பெட்டியில் ஒளித்தால் அதற்குப் பேர் மோசடி. திட்டு வாங்குவது உன் பேர் இல்லை, என் பேர். அதை மட்டும் நினைவில் வை.

வளர்மதி

---

வரதராஜன்பேட்டை
7.12.2025

வளர்மதிக்கு,

பைத்தியம் எனக்கில்லை. பிறக்காத பிள்ளையை நவம்பர் மாதத்தில் தொட்டிலில் போடச் சொல்கிற உங்கள் தளத்துக்குத்தான்.

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பார். குடில் கட்டியிருப்பார்கள், மாடு ஆடு எல்லாம் நிறுத்தியிருப்பார்கள், தொட்டில் காலியாக இருக்கும். கோயிலிலும் அப்படித்தான். நடுச்சாமப் பூசையில் பங்குச் சாமியார் குழந்தையை ஏந்திவந்து கிடத்துவார். அதன்பிறகுதான் வீடுகளில் வைப்போம். என் கையால் எப்படி முன்கூட்டியே வைத்து அனுப்புவேன்? ஒளித்துவைக்கவில்லை. பத்திரமாக வைத்தேன். மாதிரி செட்டில் நீ படம் எடுக்கும்போது குழந்தையைத் தொட்டிலில் வைத்தாயே, என்னைக் கேட்டா வைத்தாய்?

தமிழில் மட்டும் எழுதியது என் தப்பு. உன்னிடம் சொல்லாததும் என் தப்பு. குடில் வாங்குகிற யாருக்கும் இது தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 'என் பேர், என் பேர்' என்று எழுதினாயே, அதைப் படித்ததும் தைத்துக்கொண்டிருந்த துணியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பேரில் என்னடி இருக்கிறது என்று கேட்டவள் நீ. கெட்டால் மட்டும் அது பேராகிவிடுமா? என் பேர் அங்கே இருந்திருந்தால் அந்தத் திட்டை நானே வாங்கியிருப்பேன். வாங்கவும் ஆசைதான். அதுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வந்த செட்டுகளை மணிவேலிடம் கொடுத்துவிடு. இனிமேல் நான் உனக்குத் தைக்கவில்லை.

சுகன்யா மேரி

---

பெரம்பலூர்
14.12.2025

அன்புள்ள சுகுவுக்கு,

ஒன்பது செட்டையும் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பாத பதினொரு பேருக்கும், அட்டைக்கு அடியில் பாருங்கள் என்று விளக்கம் போனது; திருப்பியவர்களுக்கும் காரணத்தை எழுதினேன். புனேக்காரர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டதற்காக வருத்தப்பட்டுப் பதில் எழுதினார். நல்ல வழக்கமாக இருக்கிறதே என்றும் எழுதியிருந்தார். ஆனால் கணக்கைப் பண்டிகை முடியும்வரை திறக்கமாட்டார்களாம். இந்த வருஷம் அவ்வளவுதான்.

ஒரு வாரமாக இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் சொன்ன விதி பொய். அப்படி ஒரு விதியே கிடையாது. என் கரண்ட் பில், அதோடு நான் கையெழுத்துப் போட்ட ஒரு சம்மதக் கடிதம், உன் பேரில் விண்ணப்பம். செப்டம்பரிலேயே முடிந்திருக்கும். அரை மணி நேர வேலை. எனக்கு அன்றே தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஒன்பது வருஷமாக அடுத்தவர் பேரைத்தான் தட்டச்சு செய்கிறேன், சுகு. பட்டா யார் பேரிலோ, சான்றிதழ் யார் பேரிலோ, கடை யார் பேரிலோ. உன் பொம்மைகளை மேசையில் நிறுத்திப் பார்த்தபோது, இது நன்றாக ஓடும் என்று தெரிந்துபோனது. 'வணிகரின் பெயர்' என்ற கட்டத்தில் என் பேரை அடித்தேன். அழிக்க மனசு வரவில்லை. நீ சிஸ்டரிடம் பட்ட அவமானத்தை எழுதியபோதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டேவிட்ராஜாவது உன் முகத்துக்கு நேராக முடியாது என்றார்.

பத்திரத்தாளில் சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கரண்ட் பில் நகலும் இருக்கிறது. ஜெயங்கொண்டம் ஆடிட்டரிடம் கொடு. என் பேரில் எடுத்ததை ரத்து செய்ய எழுதிக்கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

வளர்மதி

---

வரதராஜன்பேட்டை
23.1.2026

வளர்மதிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை அடுப்பில் போடப் போனேன். மூன்றாவது தடவை படித்துவிட்டு, சம்மதக் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். கிறிஸ்துமஸும் பொங்கலும் போகட்டும் என்றுதான் பதில் போடவில்லை.

ஹாஸ்டலில் மூன்று வருஷம் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றவள் நீ. பேர் வேண்டும் என்று கேட்டிருந்தால் பாதி கொடுத்திருப்பேனே, பாவி.

ஆடிட்டர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இத செப்டம்பர்லயே குடுத்திருக்கலாமேம்மா, ஏன் இம்புட்டு அலைச்சல்?" என்றார். நான் ஆதார் நகலை எடுத்து நீட்டினேன். திங்கட்கிழமை எண் வந்துவிட்டது. பேர்: சுகன்யா மேரி. விலாசம்: உன் வீடு. சான்றிதழை அச்சடித்துத் தந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து ஆண்டிமடம் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்துவிட்டு அலமாரியில் பத்திரமாக வைத்தார். டேவிட்ராஜ் மாமா சுவருக்கு அந்தப் பக்கம் இருமினார்.

பதிவான விலாசத்தின் வாசலில் பேரும் எண்ணும் எழுதிய பலகை மாட்ட வேண்டுமாம். இது உன் விதி இல்லை, நானே இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டேன். ஜெயங்கொண்டத்தில் எழுதக் கொடுத்தேன். உன் பேரையும் கீழே சின்னதாகச் சேர்க்கச் சொல்லலாமா என்று எழுதுகிறவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். மனசு வரவில்லை. இன்னும் வரவில்லை, வளர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பலகையை நானே கொண்டுவருகிறேன். சுத்தியலும் ஆணியும் எடுத்து வை. உன் வீட்டு வாசலில் அதை நீதான் அடிக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். சாப்பாடு எல்லாம் வேண்டாம். டீ மட்டும் போடு.

சுகன்யா மேரி